பரண் இல்லாத வீட்டில் பூனை

பஃபலோ ரோட்டில் காலை ஏழு மணிக்கே காய்கறிக் கூடைகள் அஞ்சடிப் பாதை வரை வந்துவிடும். முருங்கைக்காய்க் கட்டு, வாழைப்பூ, கறிவேப்பிலை. பக்கத்துப் பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம். இத்தனை நெரிசலுக்கு நடுவிலும் நின்று பார்த்தால் எங்காவது ஒரு பூனை இருக்கும். கவிழ்த்து வைத்த பழப்பெட்டியின் மேல், நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கையில், கடைக்காரர் உட்காரவேண்டிய பிளாஸ்டிக் நாற்காலியில். அதை யாரும் விரட்டுவதில்லை. வேண்டுமென்றால் நாற்காலியை லேசாகச் சாய்ப்பார்கள். பூனை இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விடும்.

இடது காதைப் பாருங்கள். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், கருத்தடை செய்யப்பட்ட சமூகப் பூனை என்று பொருள். அதற்கு ஒரு வீடு இல்லையே தவிர, சாப்பாடு வைப்பவர், மருத்துவரிடம் தூக்கிப் போகிறவர் என்று பேட்டையில் சிலர் இருப்பார்கள்.

அங்கிருந்தே தலையை நிமிர்த்திப் பார்த்தால் தேக்கா நிலையத்தை ஒட்டிய வீவக புளோக்குகள் தெரியும். கீழே பழப்பெட்டியில் தூங்கும் பூனை மேலே பத்தாவது மாடியில் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் கதையே மாறிவிடும். அங்கே புது சோபா இருக்கிறது. சாப்பாட்டு மேசை இருக்கிறது. அடுப்பு மேடையும் சாமி மேடையும் இருக்கின்றன. தெருவில் யாருக்கும் தொந்தரவாகத் தெரியாத அதே பழக்கம், வீட்டுக்குள் தினமும் ஒரு சண்டைக்குக் காரணமாகிறது.

பூனை வளர்க்கும் இளம் குடும்பங்களிடம் பேசினால் முதலில் வரும் கேள்வி இதுதான்: சோபாவில் ஏறாமல், மேசையில் குதிக்காமல் பூனையைப் பழக்க முடியுமா? முடியும். ஆனால், பூனைக்கு எதற்காக அந்தச் சோபா தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்டவர்களுக்கே முடிகிறது.

வேலிக்கு வெளியே இருந்த விலங்கு

தமிழருக்கும் பூனைக்கும் பழைய பழக்கம் உண்டு. குறுந்தொகையில் மாலை நேரத்தில் வேலியோரம் வரும் வெருகைக் கண்டு கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி இருக்கிறது. அங்கே காட்டுப்பூனை வேலிக்கு வெளியே நிற்கிறது. பிற்காலத்தில் வீட்டுப்பூனை உள்ளே வந்தபோதும் முழுதாக வந்துவிடவில்லை. பகலில் திண்ணை, இரவில் பரண், இடையில் மதில். நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பது அதன் வேலை. பால் சட்டியை அதனிடமிருந்து காக்க உறி இருந்தது.

இதே ஏற்பாடுதான் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளிலும் பொருந்தியது. கீழே அரிசி, பருப்பு மூட்டைகள், உள்ளே மரப்படி, மேலே உத்தரம், ஓட்டுக்கூரை. கெர்பாவ் ரோட்டில் 1900-ல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வண்ண வீட்டைப் பார்க்கும் பயணிகள் அதன் சன்னல் நிறங்களைப் படமெடுக்கிறார்கள். பூனையின் கண்ணால் பார்த்தால் அதன் சிறப்பே வேறு: ஏற இடம், ஒளிய இடம், மேலிருந்து தெருவைப் பார்க்க இடம்.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் பக்கம் நடந்தால் இன்னொரு மரபும் நினைவுக்கு வரும். இஸ்லாமிய மரபில் பூனை தூய்மையான பிராணி. அது வீட்டுக்குள் நடமாடுவதில் தடையில்லை. அதனால் மலாய்க் குடும்பங்களிலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் பூனை நடுவீட்டில் படுத்திருப்பது புதிதல்ல. குறுக்கே போனால் சகுனம் பார்த்த வீடுகளில்தான் அது வாசலோடு நின்றது. இன்று அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகளும் பூனை கேட்கிறார்கள்.

சட்டம் திறந்த கதவு

அவர்கள் வெளிப்படையாகக் கேட்க முடிவது அண்மைக் காலத்தில்தான். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் வசிக்கும் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. பூனையை வீட்டுக்குள் அடைத்துவைக்க முடியாது, முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தடை இருந்தாலும் பூனைகள் இருந்தன. சன்னல் திரை இழுத்தபடி இருக்கும். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் பூனை உறவினர் வீட்டுக்குப் போய்விடும். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தால் முதலில் பறிபோவது பூனைதான்.

2012 அக்டோபரில் ஈசூன் வட்டாரத்தின் சோங் பாங்கில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. 1999-ல் உருவான பூனை நலச் சங்கம் அதில் பங்கேற்றது. பூனைக்குக் கருத்தடை செய்து, நுண்சில்லு பொருத்தி, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள் அங்கே பூனை வளர்க்கலாம். பொறுப்பாக வளர்த்தால் அண்டை அயலாருக்குத் தொல்லை வராது என்பதைக் காட்டுவதே நோக்கம். பல ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 1 முதல் அது நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் வேண்டும், நுண்சில்லு வேண்டும். முதல்முறை உரிமம் எடுப்பவர் செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். ஏற்கெனவே பூனை வைத்திருப்பவர்கள் உரிமம் எடுத்துக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம் தரப்பட்டது.

இந்த மாற்றத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய தடைக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம், பூனை வீட்டுக்குள் அடங்காது என்பது. புதிய அனுமதியின் அடிப்படை, அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது. அதாவது திண்ணை, மதில், கூரை மூன்றையும் பறித்துவிட்டு, நாலறை வீட்டின் ஏறத்தாழ 90 சதுர மீட்டருக்குள் அதன் முழு வாழ்க்கையையும் முடித்துக்கொள்ளச் சொல்கிறோம். பரண் போன பூனை சோபாவின் முதுகில் ஏறுகிறது. மதில் போன பூனை குளிர்பதனப் பெட்டியின் மேல் உட்காருகிறது. அதன் கணக்கில் இது நியாயம்தான்.

நகம் சோபாவை ஏன் தேடுகிறது?

பூனை சோபாவைப் பிறாண்டுவது கோபத்தாலோ பழிவாங்கவோ அல்ல. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நகத்தின் பழைய மேலுறை கழன்று உள்ளிருக்கும் கூரான நகம் வெளிவர வேண்டும். இரண்டாவது, தூங்கி எழுந்ததும் முன்னங்காலை ஊன்றி முதுகை நீட்டி முறுக்கெடுக்க வேண்டும். மூன்றாவது, அதன் பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டும்போது நகக்கோடும் அந்த வாசமும் பதிகின்றன. 'இது நான் இருக்கும் இடம்' என்று எழுதி வைப்பது போல.

இதைத் தெரிந்துகொண்டால் சோபா ஏன் அகப்படுகிறது என்பது புரியும். அது கனமானது, இழுத்தால் நகராது. கைப்பிடி உயரம் நீட்டி முறிக்கத் தோதாக இருக்கிறது. துணியில் நகம் மாட்டிக்கொள்கிறது. குடும்பத்தார் எல்லாருடைய வாசமும் அதில் இருக்கிறது. கடையில் வாங்கும் முழங்கால் உயரப் பிறாண்டுத் தூணில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. பூனை ஒருமுறை தொட்டுப் பார்க்கும், தூண் ஆடும், சோபாவுக்கே திரும்பிவிடும்.

எனவே தூண் வாங்கும்போது அழகைவிட உயரத்தையும் கனத்தையும் பாருங்கள். வளர்ந்த பூனை பின்னங்காலில் நின்று முழுதாக நீள வேண்டுமென்றால் 80, 90 சென்டிமீட்டராவது வேண்டும். அடிப்பலகை அகலமாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும். மேலே கற்றாழை நார்க் கயிறு இறுகச் சுற்றியிருந்தால் நல்லது. சில பூனைகளுக்குச் செங்குத்தாகப் பிடிக்காது. தரையில் கிடப்பதைத்தான் பிறாண்டும். அவற்றுக்குத் தேக்காவே போதும். சிராங்கூன் ரோட்டில் வாங்கும் தேங்காய் நார் மிதியடியோ பழைய சணல் சாக்கோ போதும். சாக்கை ஒரு பலகையில் இறுக்கிக் கட்டிவிட்டால் பூனைக்குத் திருப்தி. பிய்ந்துபோனால் வேறு கட்டிக்கொள்ளலாம்.

தூணை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பார்வைக்கு நன்றாக இல்லையென்று அதைக் கழிவறைப் பக்கமோ சேமிப்பறையிலோ வைத்துவிடுவார்கள். பூனை தன் முத்திரையை யாரும் வராத மூலையில் பதிக்காது. எந்தச் சோபாக் கைப்பிடியைப் பிறாண்டுகிறதோ, அதை ஒட்டியே தூண் நிற்க வேண்டும். அந்தக் கைப்பிடியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டிவிடுங்கள். கால் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. பக்கத்திலேயே நல்ல தூண் இருப்பதால் அதற்கு மாறும். சில வாரம் கழித்து, பழக்கம் ஊன்றிய பிறகு, தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

புது சோபா வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தளர்வாக நெய்த, நூல் வளையம் வளையமாகத் தெரியும் துணியில் நகம் எளிதில் மாட்டும். நெருக்கமாக நெய்த, வழவழப்பான துணி பூனைக்கு அவ்வளவு சுவாரசியமில்லை. தோல் சோபாவில் நூல் பிரியாது, ஆனால் நகப்புள்ளி விழுந்தால் மறையாது.

ஆற்றோரத்தில் ஒரு பாடம்

லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் இரண்டு நிறுத்தம் கடந்தால் கிளார்க் கீ. அங்கிருந்து ஆற்றங்கரையோடு நடந்தால் போட் கீ வழியாகக் கேவனா பாலத்துக்குப் போய்ச் சேரலாம். பாலத்தின் பக்கத்தில் வெண்கலத்தில் சிறு பூனைச் சிலைகள் இருக்கின்றன. பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். அவை சிங்கப்பூரா என்ற இனத்தின் சிலைகள். உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் அதுவும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் சுற்றுலாத் துறை அதற்குக் குசிந்தா என்று பெயரிட்டுச் சின்னமாக்கியது. மலாயில் பூனையையும் அன்பையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது.

அந்த இனத்தின் பிறப்புச் சான்றிதழ் கொஞ்சம் கலங்கலானது. 1970களில் ஓர் அமெரிக்கத் தம்பதி சிங்கப்பூர்த் தெருவிலிருந்து கொண்டுபோன பூனைகளின் வழி வந்தது என்று அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பூனைகள் 1974-ல் அமெரிக்காவிலிருந்தே சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டவை என்று பின்னர் ஆவணங்கள் காட்டின. சின்னம் மட்டும் நிலைத்துவிட்டது. வீவக வீட்டில் பூனைக்குத் தடை இருந்த அதே காலத்தில், ஆற்றங்கரையில் பூனைக்குச் சிலை இருந்தது என்பது இந்த ஊரின் சின்ன வேடிக்கை.

இதே போட் கீயில்தான் சிங்கப்பூரின் முதல் பூனைக் கஃபே 2013-ல் திறக்கப்பட்டது. பிறகு நகரில் இன்னும் சில வந்தன. வீட்டில் பூனையோடு போராடுபவர்கள் ஒருமுறை ஒரு பூனைக் கஃபேக்குப் போய், பூனைகளைக் கொஞ்சுவதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் பத்துப் பதினைந்து பூனைகள் அடிதடியில்லாமல் இருப்பதற்குக் காரணம் அந்தச் சுவர். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, தோள் உயரத்தில் இன்னொன்று, தலைக்கு மேல் ஒரு நடைபாதை, மூலையில் ஒரு பெட்டி. தரையளவில் இடம் அதிகமில்லை. உயரத்தில்தான் இடம் கூட்டியிருக்கிறார்கள். மனிதர் நடக்கும் தளம் ஒன்று, பூனைகள் நடக்கும் தளம் வேறொன்று.

இதுதான் நம் பரண். அதை அடுக்குமாடி வீட்டுக்குள் மறுபடி கொண்டுவருவது பெரிய செலவுமில்லை. சன்னலோரம் ஒரு உயரமான பூனை மரம், புத்தக அலமாரியின் மேல்தட்டில் பழைய துண்டு விரித்த ஓர் இடம், அங்கே ஏறுவதற்கு நடுவில் ஒரு முக்காலி. சோபாவைவிட உயரமாகவும், குடும்பம் உட்காரும் அறையிலேயேயும் அது இருக்க வேண்டும். பூனைக்குத் தனிமை வேண்டும் என்பது பாதி உண்மை. நம்மைப் பார்த்துக்கொண்டே தனியாக இருக்க அதற்குப் பிடிக்கும்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

வீட்டிலுள்ள எந்தச் சாமானிலும் பூனை ஏறக்கூடாது என்று முடிவெடுத்தால் தோற்றுப்போவோம். அதற்கு ஏற எதுவும் மிஞ்சாது. குடும்பமாக உட்கார்ந்து மூன்று பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது: எப்போதும் ஏறலாம், விரிப்புப் போட்டால் ஏறலாம், ஒருபோதும் கூடாது. சோபாவை நடுப்பட்டியலில் வைத்து, ஒரு முனையில் துவைக்கக்கூடிய போர்வை ஒன்றைப் போட்டு, அது பூனையின் இடம் என்று ஒதுக்கினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கடைசிப் பட்டியலில் தமிழ்க் குடும்பங்கள் வைக்கவேண்டியவை இரண்டு: அடுப்பு மேடை, சாமி மேடை. இரண்டிலும் நெருப்பு இருக்கிறது.

சமையலறையில் சூடான கல், எண்ணெய், கத்தி ஆகியவற்றோடு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. நம் குழம்பில் இவை இரண்டும் இல்லாத நாள் குறைவு. சாமி மேடையில் எரியும் விளக்கு, அசையும் திரி, தொங்கும் பூச்சரம், கிண்ணத்தில் பால், கற்பூரம். கற்பூரமும் பூனைக்கு நஞ்சே. பால்கூடப் பல வளர்ந்த பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் முடியும். ஓர் ஆறுதல்: பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதை உணரவேண்டிய மரபணு அதனிடம் செயலிழந்திருப்பதை 2005-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். லட்டைத் தேடி அது வராது. வந்தால் நெய் வாசத்துக்காக வந்திருக்கும்.

பூங்கொத்து வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். லில்லி மலர் வகைகளின் இதழ், இலை, மகரந்தம் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பூனை இருக்கும் வீட்டில் மேசையில் மட்டுமல்ல, எங்குமே லில்லி வேண்டாம். தேக்காவில் மல்லிகைச் சரம் வாங்கிப்போவதில் அந்தப் பயமில்லை.

'இறங்கு' என்று சொல்லித் தருவது

பழக்குவதற்கு முன் மேசையைத் துடைத்துவிடுங்கள். மீன் வாசம் வீசும் மேடையில் ஏறாதே என்று பூனையிடம் சொல்வது வீண். ஒருமுறை ஏறியதற்கு ஒரு நெத்திலித் தலை கிடைத்தால், அடுத்த ஐம்பது முறை அதே நம்பிக்கையில் ஏறும். முதல் சில வாரங்களுக்கு மேடையின் விளிம்பில் இருபக்க டேப் ஒட்டிய அட்டைகளையோ அலுமினியத் தாளையோ விரித்துவைக்கலாம். நாம் இல்லாதபோதும் மேடையே 'வேண்டாம்' என்று சொல்லும்.

அடுத்தது, அதே அறையில் அதே உயரத்தில் ஒரு மாற்று இடம். சமையலறை வாசலில் ஓர் உயர முக்காலி வைத்து, அதன்மேல் சாக்குத் துண்டு விரியுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், பசி இருக்கும்போது, ஒரு துண்டு வேகவைத்த கோழியை முக்காலியின் மேல் காட்டுங்கள். ஏறியதும் கொடுங்கள். ஒன்றிரண்டு வினாடிக்குள் கொடுத்தால்தான் எதற்குப் பரிசு கிடைத்தது என்று அதற்குப் புரியும். ஏறப்போகும் நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். 'மேலே' என்றோ 'வா' என்றோ, எதுவானாலும் வீட்டில் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரே மூச்சில் அரைமணி நேரம் செய்வதைவிட நாளுக்கு நாலைந்து தடவை இப்படிச் செய்வதில் பலன் அதிகம்.

பிறகு அடுப்பு மேடையில் ஏறிவிட்டால் கத்த வேண்டாம், துரத்த வேண்டாம். கத்துவதும் பூனைக்கு ஒரு கவனிப்புதான். விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். முக்காலியைத் தட்டி அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். இறங்கி அங்கே ஏறினால் பரிசு. வரவில்லையென்றால் வயிற்றுக்கும் பின்னங்காலுக்கும் கைகொடுத்துத் தூக்கி, ஒன்றும் பேசாமல் தரையில் விட்டுவிடுங்கள்.

பிடரியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. சிராங்கூன் ரோட்டில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களில் வைணவ உரைகள் கேட்டவர்களுக்கு மார்ஜார நியாயம் தெரிந்திருக்கும். தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்விக் கொண்டுபோவது போல இறைவன் உயிரைத் தாங்குகிறான் என்பது அந்த வாதம். அது குட்டிக்கும் தாய்க்கும் இடையிலான கதை. நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையை அப்படித் தூக்கினால் வலியும் பயமும்தான் மிஞ்சும்.

அந்தி சாயும் வேளையிலும் விடியற்காலையிலும்தான் பூனைக்கு உடம்பில் துடிப்பு அதிகம். காலை ஐந்து மணிக்கு மேசையில் பாத்திரம் உருளுவது அதனால்தான். இரவு படுக்கப்போகுமுன் பத்து நிமிடம் கயிறு, இறகு வைத்து ஓடவிட்டு, அதன் பிறகு சாப்பாடு கொடுத்தால் வேட்டை, உணவு, உறக்கம் என்ற அதன் இயல்பான வரிசை பூர்த்தியாகும். மேசையும் தப்பிக்கும்.

கூட்டுக் குடும்பத்தில் கடினமான பாடம் மனிதர்களுக்குத்தான். அம்மா மேசையிலிருந்து இறக்குகிறார். பாட்டி அதே மேசையில் உட்காரவைத்து மீன் ஊட்டுகிறார். தாத்தாவுக்குத் தொலைக்காட்சி பார்க்கும்போது மடியில் வேண்டும். பணிப்பெண்ணுக்கு யார் சொன்னதைக் கேட்பதென்று தெரியவில்லை. பத்து முறையில் ஒருமுறை பலிக்கும் முயற்சியைப் பூனை விடவே விடாது. பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, பாட்டியின் ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள். மீன் ஊட்டும் இடத்தை மேசையிலிருந்து முக்காலிக்கு மாற்றச் சொன்னால் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்.

விரட்டுவதற்கு வைக்கும் விஷம்

பூனையை விரட்ட நாம் கேள்விப்படும் கைவைத்தியங்களில் பல ஆபத்தானவை. அந்துருண்டை பூனைக்கு நஞ்சு. நீலகிரித் தைலம், தேயிலை மர எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் போன்றவற்றைச் சோபாவில் தடவினால் பூனை அதைக் காலில் ஒட்டிக்கொண்டு நக்கும்; அதன் கல்லீரலால் இவற்றைச் சரியாக வெளியேற்ற முடியாது. மிளகாய்த்தூள் தூவுவது வெறும் கொடுமை. தண்ணீர் பீய்ச்சுவது விஷமில்லை என்றாலும் பயனில்லை. பூனை கற்றுக்கொள்வது, தண்ணீர் பாட்டில் வைத்திருக்கும் ஆள் வீட்டில் இருக்கும்போது ஏறக்கூடாது என்பதை மட்டுமே.

நகத்தையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைப் பற்றியும் சிலர் விசாரிக்கிறார்கள். அது நகம் வெட்டுவதல்ல. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது. பிரிட்டனில் அது சட்டவிரோதம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் அதைத் தடை செய்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நக நுனியை மட்டும் வெட்டிவிட்டால் போதும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடக்கூடாது.

எல்லாவற்றிலும் உயரமான இடம்

ஏறும் பூனைக்கு வீட்டிலேயே மிகப் பிடித்த இடம் சன்னல். அதுதான் மிக ஆபத்தான இடமும். 1987-ல் நியூயார்க்கில் கால்நடை மருத்துவர்கள் ஐந்து மாதங்களில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன என்ற வரி மட்டும் பரவி, பூனைக்கு ஒன்பது உயிர் என்ற கதைக்குச் சான்றாகிவிட்டது. நெஞ்சிலும் தாடையிலும் காலிலும் அவை பட்ட காயங்களும், விழுந்த இடத்திலேயே செத்ததால் மருத்துவரிடம் வராத பூனைகளும் அந்த வரியில் இல்லை.

பத்தாவது மாடியில் நாம் கூரிய வார்த்தையால் பூனையைச் சோபாவிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தால், அது போகக்கூடிய அடுத்த உயரம் சன்னல் விளிம்புதான். கம்பி இருக்கிறதே என்று நம்பவேண்டாம். தலை நுழையும் இடத்தில் பூனையின் உடம்பும் நுழையும். சன்னலுக்கும் வாசல் கேட்டுக்கும் உள்பக்கமாக வலை பொருத்துவதே முதல் செலவாக இருக்க வேண்டும். பூனை மரம், தூண், போர்வை எல்லாம் அதற்குப் பிறகு. வலை போட்ட சன்னலோரம் ஒரு பலகை வைத்துவிட்டால், கீழே சந்தைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே அது மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் சோபா காலியாக இருக்கும்.

பூனை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும் வீடுகளில் பெரியவர்கள் யோசிப்பது உரிமம், சாப்பாடு, மருத்துவச் செலவு ஆகியவற்றைப் பற்றி. அவற்றோடு இதையும் யோசிக்க வேண்டும்: பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடிய ஓர் உயிருக்கு இந்த வீட்டில் ஏறி உட்கார எந்த இடத்தைத் தரப்போகிறோம்? அந்த இடத்தைக் குறிக்க முடியாத வீட்டில், கிழிந்த சோபாவுக்காக ஒருநாள் அந்தப் பூனை கைமாறும். அல்லது ஏதாவதொரு புளோக்கின் கீழ்த்தளத்தில் விடப்படும். தெருவில் பிறந்து பழகாத பூனைக்குப் பழப்பெட்டியில் இடம் பிடிக்கத் தெரியாது.

பூனை வருவதற்கு முந்திய வாரமே அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்யுங்கள். ஒரு சாக்குத் துண்டை விரியுங்கள். பரண் தயாராக இருந்தால், சோபா பெரும்பாலும் உங்களுக்கே.